தமிழ்செல்வியின் இரண்டு குரல்கள்

என் மனைவி தமிழ்செல்வி மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. சமையலறையிலிருந்து அவள் என்னிடம் ஏதாவது கேட்டால் தெருமுனை டீக்கடைக்காரர் பதில் சொல்லலாம். திருத்தணியில் எங்கள் வீடு ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் இருக்கிறது. ரயில் நின்று கிளம்பும் சத்தத்திலும் அவள் குரல் தனியாகக் கேட்கும். என் அம்மா பூவம்மாளுக்கு இது முதல் வாரத்திலேயே பிடிக்காமல் போயிற்று.

"இன்னாடி இது, நம்மூட்டுக் குழம்புல உப்பு கம்மின்னு ஆர்.கே.பேட்டை வரைக்கும் கேட்டிருக்கும்."

"கேக்கட்டும் அத்தை. எங்க நைனா காதுல விழுந்தா ரெண்டு கிலோ உப்பு குடுத்தனுப்பும்."

அம்மா சிரிக்கக் கூடாது என்று நினைத்தும் சிரித்துவிட்டார். ஆறு வருடமும் அவர்கள் இருவருக்கும் இப்படியே போயிற்று.

செல்வி பிறந்தது ஆர்.கே.பேட்டையில். வீட்டின் பின்கட்டில் நான்கு விசைத்தறிகள். அப்பா சிங்காரம் லுங்கி நெய்கிறவர், அம்மா கமலா, ஆந்திர எல்லையில் நகரிப் பக்கத்துப் பெண். வீட்டில் பேசுவது பாதி தெலுங்கு. "எங்க ஊட்ல தமிழ்னு இருக்கறது என் பேரு மட்டும்தான்" என்பாள். பிளஸ் டூ முடித்துவிட்டு டிப்ளமோ படித்தாள். திருத்தணி பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு மருந்துக் கடையில் பில் போட வந்தாள். நான் அப்போதும் இப்போதும் பத்திரம் எழுதுகிறவரிடம் தட்டச்சு செய்கிறேன். பி.ஏ. வரலாறு படித்ததற்கு அதுதான் கிடைத்தது. அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்காக மாதம் ஒருமுறை அந்தக் கடைக்குப் போனவன், பிறகு மாத்திரையை இரண்டிரண்டாக வாங்க ஆரம்பித்தேன். அவள்தான் கடை முழுவதும் கேட்கும்படி சொன்னாள்: "ஏங்க தணிகைவேலு, அட்டையா வாங்கிப் போங்க. இல்லன்னா வந்து பொண்ணு கேளுங்க."

போய்க் கேட்டேன்.

கல்யாணத்தில் அவள் பக்கத்துப் பெண்கள் ஒருவனைப் பிடித்துக் கலாட்டா செய்துகொண்டிருந்தார்கள். ஒல்லியாக, கழுத்தில் பெரிய ஹெட்போன் தொங்க நின்றிருந்தான். விஜயராகவன், அவளுடைய அத்தை மகன். அவள் அவனை பாவா என்று கூப்பிடுவாள். அவர்கள் குடும்பங்களில் கட்டிக்கொள்ள உரிமை உள்ளவனுக்குத்தான் அந்தப் பெயர்.

"பாத்துகினே நிக்கறியே ராகவா, இன்னும் முடிச்சு விழல. ஓடியாந்து உக்காந்துக்கோ!"

"வேணாம் பெரிம்மா, அவ கத்துனா என் மைக்கு வெடிச்சிடும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்றுதான் இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். தோன்றியது.

விஜயராகவன் கடைத்தெருவில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்திருந்தான். சுவரெல்லாம் முட்டை அட்டையும் பழைய மெத்தையும். ஆட்டோவில் கட்டி ஊரைச் சுற்றும் ஜவுளிக்கடை விளம்பரங்களும் ஆடிக் கிருத்திகைக்குக் காணாமல் போனவர்களைப் பற்றிய அறிவிப்புகளும் அவன் பிழைப்பு. மற்ற நேரத்தில் சொந்தமாகப் பாட்டுச் செய்தான். சினிமாவுக்கு இல்லை, கச்சேரிக்கும் இல்லை. இண்டி பாப் என்று சொல்வான். அறையில் செய்து, இணையத்தில் போட்டு, முகம் தெரியாத நூறு பேர் கேட்டால் சந்தோஷப்படுகிற வகை. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் செல்வி அங்கே போக ஆரம்பித்தாள். இரண்டு மணி நேரம். மலைக்கோயில் ஒலிபெருக்கியும் தெருவும் கொஞ்சம் ஓய்ந்திருக்கும் நேரம் அது.

நான் ஒருநாளும் கூடப் போகவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன்.

போன ஆனி மாதம் பாட்டு வந்தது. 'கடைசி டவுன் பஸ்' என்று பெயர். இரவு பஸ்ஸில் ஒருவனை ஏற்றி அனுப்பிவிட்டு நிறுத்தத்திலேயே நிற்கும் பெண் பாடுவது. வரிகளும் அவளுடையவை என்று பிறகு தெரிந்தது. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது செல்வி போனைச் சொம்பின் மேல் சாய்த்துவைத்துப் போட்டுக் காட்டினாள். போன் ஸ்பீக்கரில் ஏதோ முணுமுணுப்பு கேட்டது. தூரத்தில் யாரோ அழுவது போல ஒரு இசை.

"நல்லாதான் இருக்குது. வாயத் தொறந்து பாடியிருக்கலாம்" என்றேன்.

அவள் என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். "சரி, அடுத்த பாட்டுல கத்திடறேன்" என்று சொல்லிச் சத்தமாகச் சிரித்தாள். அவளுடைய பாட்டைப் பற்றி நாங்கள் பேசியது அவ்வளவுதான்.

கார்த்திகையில் காய்ச்சல். டெங்கு என்றார்கள். ஒன்பது நாள். முப்பத்தோரு வயது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது விஜயராகவன் என் அருகில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணா, செல்வி போனு உங்ககிட்டதான இருக்குது?"

"ஏன்?"

"ரெண்டாவது பாட்டை அதுலயே பாடி வெச்சிருக்கறேன்னு சொல்லுச்சு. அனுப்பறேன் அனுப்பறேன்னு சொல்லிகினே இருந்தது, அதுக்குள்ள..." அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "இசையெல்லாம் ரெடி பண்ணி வெச்சிருக்கறேன்ணா. குரலு மட்டும்தான் இல்ல. அதைக் குடுத்தீங்கன்னா போதும்."

"பாக்கலாம்."

"மொதப் பாட்டை நீங்க ஹெட்போன்ல கேட்டீங்களா?"

"போன்ல கேட்டேன்."

"போன்ல கேட்டா அது கேட்டதே இல்லண்ணா" என்று சொல்லி, தன் கழுத்திலிருந்ததைக் கழற்றி என் தலையில் மாட்டினான்.

பந்தல்காரர்களின் சத்தம் அணைந்தது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு எங்கோ கீழே மந்தமாக ஒரு அடி. நீண்ட இடைவெளி விட்டு மறுபடி ஒரு அடி. அதைச் சுற்றி மெல்லிய இரைச்சல், மழைக்கு முன் காற்று மாறுவது போல. மிகத் தொலைவில், மலைக்கு அந்தப் பக்கம் இருப்பது போல, ஒரு கிடார். எல்லாம் எட்டவே நின்றன. ஒரு அறை இருட்டாக, பெரிதாக, காலியாக என்னைச் சுற்றி உண்டாயிற்று. அந்தக் காலியிடத்தின் நடுவில், என் இடது காதுக்கு ஒரு விரல்கடை தூரத்தில், ஒரு பெண் மூச்சை இழுத்தாள்.

ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டேன்.

*நீ எறங்குன நிறுத்தத்துல*
*என் தூக்கமும் எறங்கிப் போச்சு*

அவள் பாடவில்லை, சொன்னாள். சொல்லில் காற்று அதிகமாகவும் சத்தம் குறைவாகவும் இருந்தது. 'தூக்கம்' என்ற இடத்தில் குரல் லேசாக உடைந்தது. அந்த உடைசலை அவன் சரிசெய்யாமல் விட்டிருந்தான். உதடு ஒட்டிப் பிரிகிற ஓசைகூட இருந்தது. இரண்டாம் சரணத்தில் அவளுடைய குரலே நாலைந்தாகப் பிரிந்து பின்னால் போய் நின்று அவளுக்குப் பதில் சொன்னது. முன்னால் இருந்தவள் மட்டும் காதைவிட்டு அகலவில்லை.

ஆறு வருடம் ஒரே கட்டிலில் படுத்தவள். இப்படி ஒரு குரல் அவளிடம் இருப்பது எனக்குத் தெரியாது.

ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தேன். "போனுக்கு லாக் போட்டிருக்கா. நம்பர் தெரியல" என்றேன்.

நம்பர் என் பிறந்த தேதி.

அதன் பிறகு நானும் ஒரு ஹெட்போன் வாங்கினேன். தினமும் அந்தப் பாட்டைக் கேட்டேன். கேட்கக் கேட்கத் துக்கம் குறையும் என்று நினைத்தால், துக்கத்துக்குப் பக்கத்தில் வேறொன்று வளர்ந்தது. எனக்கு அவள் கொடுத்தது உரத்த குரல். காய்கறிக்காரனுக்கும் கேஸ் சிலிண்டர் ஆளுக்கும் கொடுத்த அதே குரல். இந்தக் குரல் அவனுக்கு. மெத்தை ஒட்டிய அறையில், ஞாயிறு மதியம், கதவைச் சாத்திக்கொண்டு. அந்த மந்தமான அடி ஒரு மனித நெஞ்சின் துடிப்பு என்று எனக்குத் தோன்றியது. யார் நெஞ்சு?

எங்கள் பத்திரங்களில் ஒரு வரி தவறாமல் வரும்: மேற்படி சொத்தில் யாதொரு வில்லங்கமும் இல்லை. அதை ஆயிரம் முறை அடித்திருப்பேன். என் சொந்த வாழ்க்கையில் எனக்குத் தெரியாமல் ஒரு வில்லங்கம் இருந்ததோ என்று யோசித்துக்கொண்டே அடித்தால் கைகள் எழுத்துகளைத் தவறவிட்டன.

அவள் இறந்த பிறகுதான் அந்தப் பாட்டு பரவியது. ஆயிரம் பேர், பத்தாயிரம் பேர், பிறகு லட்சம். கீழே ஜனங்கள் எழுதுவதை ஒன்று விடாமல் படித்தேன். கோயம்புத்தூர்க்காரன் ஒருவன், "இந்தக் குரல் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு என்னிடம் மட்டும் பேசுகிறது" என்று எழுதியிருந்தான். அவன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணாடி போட்ட, சாதுவான முகம். அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது.

விஜயராகவன் வாரம் ஒருமுறை போன் செய்தான். "நம்பர் கெடைச்சுதாண்ணா? போன் கடையில குடுத்தா தெறந்து குடுப்பாங்க." இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போன் என் அலமாரியில் இருந்தது. சார்ஜ் போட்டுவைப்பேன், திறக்க மாட்டேன். அந்த இரண்டாவது பாட்டில் அவள் இன்னும் நெருங்கியிருந்தால்? பாட்டின் நடுவே அவன் பெயரைச் சொல்லியிருந்தால்? அழித்துவிடலாம் என்று இரண்டு முறை கையில் எடுத்தேன். அழித்தால் அவள் குரலில் மிச்சமிருப்பதும் போய்விடும். கொடுத்தால் அவனுக்குப் போய்விடும். இரண்டும் முடியாமல் போனைத் திரும்ப வைத்தேன்.

மாசி மாதம் ஒரு காலையில் டவுன் பஸ் ஏறி ஆர்.கே.பேட்டை போனேன். மாமனாரிடம் நேராகக் கேட்டுவிடுவது என்று முடிவு. வாசலில் மாமியார் கமலா என் கையைப் பிடித்துக்கொண்டு சற்று அழுதுவிட்டு, "உள்ள தறியாண்ட இருக்கறாரு. பாவு நூல் முடியற நேரம், நிறுத்த மாட்டாரு. நீங்க போங்க மாப்ள" என்று அனுப்பினார்.

நான்கு தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் பல் ஆடும். மாமனார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அறுந்த இழையை முடிந்துகொண்டே என்ன என்று கண்ணால் கேட்டார். நான் கூவினேன்.

"மாமா, செல்வியை ராகவனுக்குக் குடுக்கறதா இருந்தீங்களா?"

என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னும் பலமாகக் கூவினேன். அவர் கையை ஆட்டி, கத்தாதே என்று சைகை செய்தார். என் தோளைப் பிடித்து இழுத்துத் தன் காதை என் வாயருகே கொண்டுவந்தார். கேட்டேன். பிறகு அவர் என் கழுத்தைச் சுற்றிக் கைபோட்டு, உதடு காதில் உரச, மெதுவாகச் சொன்னார்.

"ஆங், கேட்டாங்க மாப்ள. அவதான் ஒத்துக்கல. பாவா பாட்டுப் பைத்தியம், அவங்கூட இருந்தா தெனம் பட்டினின்னுட்டா. மருந்துக் கடைக்கு வர்ற ஒரு ஆளு மாத்திரையைப் பிச்சிப் பிச்சி வாங்கறான், அவனைப் பாருன்னா."

அவர் சொன்னது எனக்கு உடனே உறைக்கவில்லை. சொன்ன விதத்தில் நின்றுவிட்டேன். சொல்லில் காற்று அதிகம், சத்தம் குறைவு. உதடு பிரிகிற ஓசை. சுற்றிலும் தறிகள் இடித்துக்கொண்டிருக்க, அறுபத்திரண்டு வயது மனிதரின் குரல் தெளிவாக, தனியாக, என் காதுக்குள் மட்டும் இருந்தது. ஹெட்போனில் கேட்ட அதே நெருக்கம்.

பின்னால் வந்து நின்ற மாமியார், டீ டம்ளரை நீட்டிக்கொண்டு, அவரும் என் காதில் வாயை வைத்தார். "சக்கரை போடலாம் இல்ல?"

அதையும் ரகசியம் போல.

டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது ஒன்று நினைவுக்கு வந்தது. கல்யாணமான முதல் தீபாவளி. இதே கொட்டகை. அவளுடைய அப்பாவும் கூலிக்கு வந்த இரண்டு ஆட்களும் தறியில் நின்றார்கள். செல்வி எனக்குத் தறிகளைக் காட்டிக்கொண்டு வந்தவள், சட்டென்று என் தோளைப் பிடித்து இழுத்துக் காதருகே வாயைக் கொண்டுவந்தாள். நான் கூச்சப்பட்டு விலகினேன். "ஆளுங்க பாக்கறாங்க" என்று உதட்டை அசைத்துக் காட்டினேன். அவள் முகம் சிறுத்தது. என்ன சொல்ல வந்தாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் என் காதருகே வந்து பேசியதே இல்லை. எட்ட நின்று கூவினாள். அவர்கள் வீட்டில் பேச்சு இரண்டே விதம். ஒன்றை நான் அந்தத் தீபாவளியோடு நிறுத்திவைத்திருக்கிறேன்.

விஜயராகவனுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவனும் தறி வீட்டில் வளர்ந்தவன். காது இருக்க வேண்டிய இடத்தில் மைக்கை வைத்தான். அவள் பேசினாள்.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அழகாக இருக்கும். அது போகவில்லை. அவள் அவனைக் காதலித்தாளோ என்ற பயம் போயிற்று. அந்த இடத்தில், விலகாமல் நின்ற எல்லார் மீதும் பொறாமை வந்து உட்கார்ந்தது. அவன் மைக்கின் மீது. கோயம்புத்தூர்க்காரன் மீது.

அன்று மாலையே அவள் போனைத் திறந்தேன்.

எங்கள் படுக்கையறையில், போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு பதிந்திருக்கிறாள். துணி உரசும் ஓசை. மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து மூச்சு வாங்குவது கேட்கிறது. பிறகு அந்தக் குரல். முதல் பாட்டைவிட நன்றாக இருந்தது. அதில் ஏக்கம் மட்டும்தான். இதில் ஒரு கோபம் உள்ளே ஓடுகிறது. ஒவ்வொரு வரியின் முடிவையும் தாழவிட்டு, முழுவதும் விழுமுன் பிடித்துக்கொள்கிறாள். யார் பெயரும் இல்லை.

இரண்டாவது சரணத்தின் நடுவில், தூரத்தில், ஒரு ஆணின் குரல் குறுக்கிடுகிறது.

"செல்வி, என் கண்ணாடி எங்க?"

என் குரல்தான். அவள் பாட்டை நிறுத்தாமல் நிறுத்துகிறாள். மூச்சு. பிறகு போன் அதிரும்படி ஒரு கூவல்: "ஃப்ரிட்ஜு மேலதான்யா இருக்குது, கண்ணத் தொறந்து பாரு!" ஒரு சின்னச் சிரிப்பு. உடனே, விட்ட அதே சுருதியில், அதே காற்றில், அடுத்த வரி.

அதை எத்தனை முறை கேட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் முதல்முறையாக அந்த மாடி அறைக்குப் போனேன். விஜயராகவன் போனைக் கணினியோடு இணைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடினான். முதல் வரி முடிவதற்குள் அவன் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதான். நான் அவள் போன பிறகு அப்படி அழுததில்லை. அவன் அழுகை மீதும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

கண்ணாடி இடம் வந்ததும் அழுதுகொண்டே சிரித்துவிட்டான். ஹெட்போனைக் கழற்றினான்.

"அண்ணா, இதை எடுக்கவே கூடாது."

"எதை?"

"இந்தக் கூவல. இதாண்ணா பாட்டே. அவ்வளவு கிட்ட பேசிகினு இருந்தவ திடீர்னு ஒரு ஊட்டுக்குள்ள இருக்கறா பாருங்க! இதை எத்தினி லட்சம் குடுத்தாலும் செட் போட்டு எடுக்க முடியாது."

"அதை வெட்டிடு ராகவா."

"கேக்கறவங்க அழுதுடுவாங்கண்ணா."

"அதுக்குத்தான் வேணாங்கறேன்."

"இன்னாண்ணா நீங்க! முழுப் பாட்டையும் தூக்கிக் குடுக்கறீங்க, ஒரு கண்ணாடி சண்டையைக் குடுக்க மாட்டீங்களா?"

"மத்ததெல்லாம் நீ கேட்டு அவ பாடினது. இது நான் கேட்டு அவ சொன்னது. இதுல யாருக்கும் பாத்தியம் கிடையாது."

அவன் நாற்காலியைக் கணினிப் பக்கம் திருப்பினான். "பத்திரம் எழுதற ஆளுகிட்ட பேச முடியுமா?" என்று முனகிக்கொண்டே திரையில் அந்தத் துண்டைக் குறித்தான். ஆறு விநாடி. என் கண் முன்னாலேயே வெட்டினான். நான் கேட்காமலேயே தன் பிரதியிலிருந்தும் அழித்தான். பிறகு இரண்டு பக்கத்தையும் இழுத்து ஒட்டிப் பார்த்தான். சரிவரவில்லை.

"ஒட்டுனா அவ மூச்சு தப்பாப் பூடுது. வெறுமனே விட்டுடறேன்" என்றான்.

அப்படியே விட்டான். அந்த இடத்தில் கிடாரின் எதிரொலி மட்டும் நீண்டு தேய்ந்து போகும். கீழே அந்த மந்தமான அடி மூன்று முறை விழும். அது என்ன என்று அப்போதுதான் கேட்டேன். "தறிதாண்ணா. மாமா வூட்டு மூணாம் தறி. ரெக்கார்ட் பண்ணி எட்டு மடங்கு மெதுவாக்குனேன்" என்றான்.

சித்திரையில் பாட்டு வெளியானது. முதல் பாட்டைவிட வேகமாகப் போயிற்று. எழுதுகிறவர்களில் பாதிப் பேர் அந்த ஆறு விநாடியைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். அங்கே குரல் நின்றுபோவது நெஞ்சை அடைக்கிறது என்கிறார்கள். இசை அமைத்தவன் மேதை என்கிறார்கள். கோயம்புத்தூர்க்காரன், "அந்த மௌனத்தில் அவள் என்னவோ சொல்கிறாள், எனக்குக் கேட்கிறது" என்று எழுதியிருக்கிறான்.

விஜயராகவன் போன் செய்தான். "அண்ணா, ஐடியா எப்படி வந்துச்சுன்னு எல்லாம் கேக்கறாங்க. இன்னா பதில் போடட்டும்?"

"ஒண்ணும் போடாத."

"அப்ப எல்லாம் என் பெருமையா பூடுமே."

"போவட்டும்" என்றேன்.

போயிற்று. அதிலும் எனக்குப் பொறாமைதான்.